ஓரக்கண் வைக்கும் காவல்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டங்களில், யானை வந்த சேதி முதலில் காதுக்குத்தான் வரும். நாய் குரைக்கிற விதம் மாறும். வாழை முறியும் சத்தம் கேட்கும். பக்கத்துத் தோட்டத்தில் பட்டாசு வெடிக்கும். சாளையில் படுத்திருப்பவர் டார்ச் லைட்டைத் தேடி எடுப்பதற்குள் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், ஒற்றையா கூட்டமா என்ற கணக்கில் பாதியைக் காது போட்டு முடித்திருக்கும். நரசீபுரம், விராலியூர், கெம்பனூர் என்று போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய ஊர்களில் இதைத் தெரியாத வீடு இருக்காது.

காதுக்கு இமை இல்லை. தூக்கத்திலும் அது திறந்தே இருக்கும். முதுகுக்குப் பின்னால் நடப்பதும் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் அதற்கு எட்டும். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, தலை நிமிராமலே, வாசல் கேட் திறந்தது தெரியும். பால் பொங்கப் போவது தெரியும். தொட்டிலில் பிள்ளை புரண்டது தெரியும். காது வெளியே நின்று காவல் பார்ப்பதால்தான் கண் நிம்மதியாக வெங்காயத்தில் இருக்க முடிகிறது.

பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்கு இந்தக் காவல் வேலையை யார் பார்ப்பது? நரம்பியலாளர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இதைச் சோதித்து வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஓரக்கண்.

1987-ல் ஹெலன் நெவில், டொனால்ட் லாசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையின் நடுவில் பார்வையை நிறுத்திக்கொள்ள வேண்டும். நடுவிலோ ஓரத்திலோ ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் நகரும். அது எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்ல வேண்டும். தலையில் மின்வாய்கள் ஒட்டி மூளையின் அலைகளையும் பதிவு செய்தார்கள். நடுவில் நகர்ந்தபோது காது கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரத்தில் நகர்ந்தபோது பிறவியிலேயே கேளாதவர்கள் வேகமாகவும் சரியாகவும் சொன்னார்கள். அவர்களின் மூளை அலைகளும் அங்கே பெரிதாக எழுந்தன.

காது போனால் கண் கூர்மையாகிவிடும் என்று ஊரில் சொல்வது உண்டு. அது அப்படியே உண்மையல்ல. டாஃப்னி பாவெலியே, மேத்யூ டை, பீட்டர் ஹவுசர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை 2006-ல் திரட்டிப் பார்த்தார்கள். (ஹவுசர் தாமே காது கேளாதவர்.) கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைப் படிப்பதில் கேளாதவர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. வெளிச்ச வேறுபாட்டைப் பிரித்தறிவதிலும் அப்படியே. கூடுதலாக இருப்பது பார்வையின் விளிம்புக்குக் கிடைக்கும் கவனம். விளிம்பில் ஏதாவது அசைந்தால், குறிப்பாக எதிர்பாராமல் அசைந்தால், அது உடனே பிடிபட்டுவிடுகிறது.

எந்த இடத்தில் இது நடக்கிறது என்பதைக் காட்டியவை பூனைகள். ஸ்டீஃபன் லோம்பரின் குழு 2010-ல் பிறவிச் செவிட்டுப் பூனைகளுக்கு ஏழு வகைப் பார்வைச் சோதனைகள் வைத்தது. இரண்டில் மட்டும் அவை கேட்கும் பூனைகளை முந்தின: ஓரத்தில் தோன்றுவது எங்கே என்று கண்டுபிடிப்பது, மிக மெதுவான அசைவை உணர்வது. பிறகு ஆய்வாளர்கள், பூனையின் மூளையில் ஒலியைக் கவனிக்கும் பகுதிகளில் ஒன்றை மட்டும் குளிரூட்டிச் சற்று நேரம் செயலிழக்க வைத்தார்கள். ஓரத்தைப் பிடிக்கும் கூடுதல் திறமை போயிற்று. இன்னொரு பகுதியைக் குளிரூட்டியபோது அசைவை உணரும் கூடுதல் திறன் போயிற்று. காது பயிர் வைக்காத நிலத்தை மூளை தரிசாக விடவில்லை. கண் அங்கே வெள்ளாமை வைத்திருந்தது.

இது பிறவியிலோ கைக்குழந்தைப் பருவத்திலோ கேட்கும் திறன் இல்லாமல் போனவர்களின் கதை. கோவை மில்லில் ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காலமெல்லாம் நின்று காது மந்தமான தொழிலாளியின் மூளை ஒலியிலும் பேச்சிலும் வளர்ந்து முடிந்த மூளை. அவருடைய இழப்பு வேறு, தேவையும் வேறு. சான்றிதழில் இரண்டும் 'செவித்திறன் குறைபாடு' என்ற ஒரே பெட்டிக்குள் விழுகின்றன.

நெவிலும் லாசனும் மூன்றாவதாக ஒரு கூட்டத்தையும் சோதனைக்கு அழைத்திருந்தார்கள். காது நன்றாகக் கேட்கும். ஆனால் கேளாத பெற்றோருக்குப் பிறந்ததால் பேச்சுக்கு முன்பே சைகை மொழியில் வளர்ந்தவர்கள். ஓரக்கண்ணின் கூடுதல் திறமை இவர்களிடம் காணப்படவில்லை. அப்படியானால் அது காது கேளாமையின் விளைவு, சைகையின் விளைவு அல்ல. அதே சமயம், அசைவைப் பார்க்கும்போது மூளையின் இடது பாதி கூடுதலாக வேலை செய்வது இவர்களிடமும் கேளாதவர்களிடமும் ஒன்றுபோல் இருந்தது. அது சைகை மொழி கொடுத்தது. ஆக, கேளாத ஒருவரின் பார்வையை இரண்டு கைகள் வடிவமைக்கின்றன. ஒன்று ஒலி இல்லாத வாழ்க்கை. மற்றொன்று மொழி.

மொழி என்ன செய்கிறது என்பதை ஒரு வழி சொல்லும் காட்சியில் பார்க்கலாம். பேரூரைத் தாண்டி சிறுவாணி ரோட்டில் போய் வலது பக்கம் திரும்பினால் தொண்டாமுத்தூர் என்று வாயால் சொன்னால், கேட்பவர் 'வலது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். சைகையில் சொல்பவர் தனக்கு முன்னால் காற்றில் அந்த ரோட்டையே போடுகிறார். கோயில் இங்கே, ரோடு இப்படிப் போகிறது, இந்த இடத்தில் திருப்பம். அவருடைய வலது, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது. பார்ப்பவர் அந்த முழுப் படத்தையும் மனசுக்குள் ஒரு சுற்றுத் திருப்பிப் போட்டால்தான் வழி புரியும். இதைச் சைகை பேசுகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை, இருபது முறை, அதைச் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்கிறார்கள்.

கேரன் எம்மரி, ஸ்டீஃபன் காஸ்லின், அர்சுலா பெலூஜி ஆகியோர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலான வடிவங்களை மனசுக்குள் உருவாக்கிப் பார்ப்பதில் சைகை பேசுவோர் மற்றவர்களைவிட விரைவாக இருந்தார்கள். காது கேட்கும் சைகையாளர்களும் இதில் கேளாதவர்களோடு சேர்ந்தே நின்றார்கள். பயிற்சி கொடுத்தது மொழிதான் என்பதற்கு அது சாட்சி. முகத்தைப் படிப்பதும் இதில் சேரும். இந்திய சைகை மொழியில் ஆம்-இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கப் புருவம் உயர வேண்டும். 'என்ன', 'எங்கே' போன்ற வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இலக்கணத்தில் ஒரு பங்கு முகத்தில் இருப்பதால், எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுப் பார்வையை எடுப்பது பேச்சின் நடுவே காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. கைகள் அசையும் இடம் முகத்துக்குக் கீழே, பார்வையின் ஓரத்தில் விழுகிறது.

மொழி இல்லாமல் கண் மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதற்கு நிகராகுவா நாடு தற்செயலாக ஒரு விடை கொடுத்தது. 1970-களின் இறுதியில் தலைநகர் மனாகுவாவில் கேளாத பிள்ளைகளை முதல் முறையாக ஒரே பள்ளியில் பெரிய அளவில் சேர்த்தார்கள். அதுவரை அவரவர் வீட்டில் தனித்தனியாக, சொந்தமாக உண்டாக்கிய சில சைகைகளோடு இருந்த பிள்ளைகள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகளோ விளையாட்டு நேரத்திலும் பள்ளி வண்டியிலும் தங்களுக்குள் ஒரு புதிய மொழியையே உருவாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். அந்த இரண்டு தலைமுறையும் பெரியவர்களான பிறகு ஜெனி பையர்ஸ், ஆன் செங்ஹாஸ் முதலானோர் அவர்களை ஓர் அறைக்குள் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டு, மறைத்த பொருளைத் தேடச் சொன்னார்கள். இடம், வலம் சொல்ல உறுதியான சைகைகள் உள்ள இளைய தலைமுறை நன்றாகத் தேடியது. வயதில் மூத்த, ஆனால் அந்தச் சைகைகள் உறுதிப்படாத முதல் தலைமுறை தடுமாறியது. 2010-ல் வெளிவந்த முடிவு இது. இரு தரப்புக்கும் காது கேட்காது. வித்தியாசம் அவர்களுக்குக் கிடைத்த மொழியில் இருந்தது.

இவ்வளவையும் தமிழ்நாட்டு வகுப்பறை ஒன்றுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வராந்தாவில் ஒருவர் நடந்து போகிறார். காது கேளாத மாணவன் தலையைத் திருப்பிப் பார்க்கிறான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரக் கிளை ஆடுகிறது. அவன் கண் அங்கே போய் வருகிறது. 'கவனம் இல்லை' என்று குறிப்பு எழுதப்படுகிறது. பக்கத்து வகுப்பில் ஒரு ஸ்டீல் டம்ளர் விழுந்தால் நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதை யாரும் நோயாக எழுதுவதில்லை. 2002-ல் ஜேசன் புரோக்ஷ், பாவெலியே இருவரும் செய்த ஆய்வு இதை எண்களில் காட்டியது. வேலை செய்துகொண்டிருக்கும்போது பார்வையின் நடுவில் இடைஞ்சல் வைத்தால் காது கேட்பவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஓரத்தில் வைத்தால் கேளாதவர்கள் அதிகம் தடுமாறினார்கள். கவனத்தின் அளவில் குறைவில்லை. அது பரவியிருக்கும் இடம்தான் வேறு. கேட்கும் பிள்ளைகளுக்கு வெளிச்சுவர் வைத்து, இரைச்சல் குறைத்து வகுப்பறை கட்டுகிறோமே, கேளாத பிள்ளைக்கு அதற்குச் சமமானது அசைவு குறைந்த பக்கம் பார்த்த இருக்கை.

இந்த ஓரக்கண் திறமை பிறந்த உடனே வந்துவிடுவதும் இல்லை. டை, ஹவுசர், பாவெலியே 2009-ல் சோதித்தபோது ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்பவருக்கும் கேளாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினொரு வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதாவது தொடக்கப் பள்ளி வயதில் அது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டுகளில்தான் பிள்ளைக்குப் பள்ளி முத்திரை குத்துகிறது.

இன்னொரு ஆராய்ச்சி வரிசை இதற்கு எதிர்ப்பக்கம் நின்றது. 1990-களில் அலெக்ஸாண்ட்ரா குவிட்னர் போன்றவர்கள், திரையில் வரும் எண்களை நீண்ட நேரம் கவனிக்கும் சோதனையில் கேளாத பிள்ளைகள் பின்தங்குவதைக் கண்டார்கள். ஒலி இல்லாததால் கவனமே சரியாக வளரவில்லை என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் அப்படிப் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் குடும்பங்களில் பிறந்து, எந்த மொழியும் முழுதாகக் கைக்கு வராமல் வளர்ந்தவர்கள். 2014-ல் டையும் ஹவுசரும், பிறந்ததிலிருந்தே சைகையில் வளர்ந்த கேளாத பிள்ளைகளை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். நீண்ட நேரக் கவனத்தில் அவர்களிடம் குறை எதுவும் இல்லை. 2017-ல் மேத்யூ ஹாலும் சகாக்களும் பெற்றோரிடம் கேட்டுத் திரட்டிய தகவலும் இதையே சொன்னது: திட்டமிடுவது, பொறுத்திருப்பது, தன்னைக் கட்டுப்படுத்துவது போன்ற திறன்களைக் கெடுப்பது ஒலிப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை, மொழிப் பஞ்சமாக இருக்கலாம்.

மொழிப் பஞ்சம் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் அன்பான வீட்டில். அமெரிக்கக் கணக்கில் கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். கொங்கு வீட்டில் பிள்ளையை 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். "அங்க பாரு கண்ணு, மயிலு!" தொண்டாமுத்தூர்ப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. கேட்கும் குழந்தை மயிலைப் பார்க்கிறது. அதே நொடியில் 'மயிலு' என்ற சொல் காதில் விழுகிறது. பொருளும் பெயரும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கேளாத குழந்தைக்கு இரண்டுமே கண் வழியாக வர வேண்டும். மயிலைப் பார்த்தால் அம்மாவின் கை தெரியாது. அம்மாவைப் பார்த்தால் மயில் பறந்துவிடும்.

காது கேளாத தாய்மார்கள் இந்தச் சிக்கலை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தீர்த்துக்கொள்கிறார்கள். குழந்தை மயிலைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள். தோளையோ தொடையையோ லேசாகத் தட்டுவார்கள். குழந்தை திரும்பிய பிறகு சைகை காட்டுவார்கள். சில சமயம் குழந்தையின் பார்வைக்குள்ளேயே, மயிலுக்கும் அதன் கண்ணுக்கும் நடுவில் கையை நீட்டிச் சைகை செய்வார்கள். பார், பெயர், மறுபடி பார் என்ற இந்த வரிசை குழந்தைக்குக் கவனத்தைப் பங்கிடச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். காது கேட்கும் தாய் இதைச் செய்யாமல் போவது அன்புக் குறைவால் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கும் திறன் பரிசோதனை முடிவைக் கையில் கொடுக்கும்போது, இந்த ஒரு பழக்கத்தைச் செய்து காட்ட ஆகும் நேரம் கொஞ்சம்தான்.

தமிழ்நாட்டில் கேளாதோர் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அதற்குச் சற்று முன்னால், 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சே சிறந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. உலகம் முழுவதும் பள்ளிகள் அந்தத் தீர்மானத்தின் நிழலில் நூறு ஆண்டுகள் ஓடின. கையை மடக்கி வைக்கச் சொல்லி உதட்டைப் பார்க்கப் பழக்கினார்கள். 2010-ல் அதே சர்வதேச மாநாடு கனடாவின் வான்கூவரில் கூடியபோது, பழைய தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. தமிழ்ப் பேச்சு வழக்கில் அந்த வருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. 'ஊமை கண்ட கனவு' என்று சொல்லிச் சிரிக்கும் பழமொழி, கேளாதவர் தன் கனவைக் கையாலும் முகத்தாலும் முழுசாகச் சொல்லிவிடுவார் என்பதை அறியாத காலத்தில் பிறந்தது. 2007-ல் ராதாமோகன் இயக்கிய 'மொழி' படத்தில் ஜோதிகா ஏற்ற பாத்திரம் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கியது.

கோவைக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒரு காரணம் இருக்கிறது. தி.சு.அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய, மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், பல மாநிலங்களில் இருந்து சைகைகளைத் திரட்டி 2001-ல் ஓர் இந்திய சைகை மொழி அகராதியை வெளியிட்டது. டெல்லியில் மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் உருவானது 2015-ல். அதன் அகராதி 2018-ல் 3,000 சொற்களோடு வந்து, 2021-ல் 10,000 சொற்களைத் தொட்டது. அதற்குப் பல ஆண்டு முன்பே கோவையில் இருந்து ஓர் அகராதி வந்துவிட்டது. அந்த வளாகத்தில் இருந்து தொண்டாமுத்தூர் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரம்தான். அந்த அறிவு அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டம் கடந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்று அரசுகளுக்குச் சொல்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை இந்திய சைகை மொழியை நாடு முழுக்கத் தரப்படுத்தவும் பாடப்பொருள் உருவாக்கவும் சொல்கிறது. 2021-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி அதை ஒரு மொழிப் பாடமாகவே சேர்த்தது. ஆனால் கிராமத்துப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு கேளாத பிள்ளை என்று சிதறிக் கிடக்கும்போது, அந்தப் பிள்ளையோடு கைபேச யாருமில்லை. நிகராகுவாவில் மொழி பிறந்ததற்குக் காரணம் பிள்ளைகள் ஒன்று சேர்ந்ததுதான். 'எல்லோரோடும் சேர்ந்து படிக்கட்டும்' என்ற நல்ல எண்ணத்தில் செய்யும் ஒருங்கிணைப்பு, சைகை தெரிந்த கூட்டாளி ஒருவர்கூட இல்லாத இடத்தில், நாற்பது பேருக்கு நடுவே ஒரு தனிமையாக முடிந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வந்த பிறகு சைகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பது தமிழ்நாட்டின் பெரிய சாதனை. அதனால் பேசவும் கேட்கவும் தொடங்கிய பிள்ளைகள் பலர். 2017-ல் ஆன் கியர்ஸ் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வு, சைகையைத் தொடர்ந்து பயன்படுத்திய குடும்பத்துப் பிள்ளைகள் இம்பிளான்டுக்குப் பிறகு பேச்சில் பின்தங்கியதாகச் சொன்னது. அதை விமர்சித்தவர்கள், அந்தப் பெற்றோருக்குச் சைகை உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதே அளக்கப்படவில்லை என்றார்கள். தானே அரைகுறையாகக் கற்ற சைகையைப் பெற்றோர் காட்டினால் அது பிள்ளைக்கு மொழியாகக் கிடைக்காது. அதற்கு முன் 2014-ல், கேளாத பெற்றோரிடம் சைகையில் வளர்ந்து பிறகு இம்பிளான்ட் பெற்ற பிள்ளைகளை ஒரு குழு பார்த்தது. எண்ணிக்கையில் சிலரே. அவர்களின் ஆங்கிலப் பேச்சு, கேட்கும் பிள்ளைகளோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இரண்டு பக்கத்தையும் எடை போட்டால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இம்பிளான்ட் எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். தொண்டாமுத்தூரில் இருந்து டவுனுக்குக் கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறிப் போய்வர வேண்டும். கருவியின் பேட்டரியும் வயரும் செலவு வைக்கும். அந்தப் பயிற்சி பலன் தருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வருஷத்தில் மூளை காத்திருப்பதில்லை. அந்த வருஷங்களில் குழந்தைக்கு முழுசாகக் கிடைக்கக்கூடிய மொழி கண் வழி மொழி. பேச்சு பிறகு வந்தால் இரண்டு மொழி. வராவிட்டால் ஒரு மொழியாவது கையில் இருக்கும்.

கேளாதவரின் கண்ணை நம்பாத பழக்கம் பள்ளியோடு நிற்பதில்லை. ஹாரன் கேட்காதே என்று ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்டு வந்தது. தேசிய காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம், தேர்வில் ஓட்டிக் காட்டினால் உரிமம் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. 2016-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமும் அதைத் தெளிவுபடுத்தியது. அவினாசி ரோட்டில் ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு ஓட்டும் கேட்கும் ஓட்டுநரின் காதுக்கு எவ்வளவு ஹாரன் விழுகிறது என்று யாரும் சோதித்ததில்லை. கண்ணாடியின் விளிம்பில் மொபெட் ஒன்று முளைப்பதை ஓரக்கண் பிடித்துவிடும் ஒருவரைத்தான் இத்தனை காலம் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியது துறை.

மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் காது கருவியையும் இம்பிளான்டின் வெளிக்கருவியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். ராக்கெட்டில் ஷட்டில் படும் சத்தத்தை வைத்து அடியின் வேகத்தைக் கணிப்பது கேட்கும் ஆட்டக்காரர்களின் வழக்கம். ஜெர்லின் அதைக் கண்ணால் மட்டுமே செய்தார். அவர் வெற்றிக்குக் காரணம் ஓரக்கண்தான் என்று சொன்னால் அவர் உழைப்பைக் குறைத்ததாகும். காது இல்லாததை வைத்து ஒருவரின் கவனத்தை எடைபோட முடியாது என்பதற்கு அவர் போதும்.

கேட்பதெல்லாம் கோடிக்கணக்கான திட்டமல்ல. கேளாத பிள்ளை இருக்கும் வகுப்பில் பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டால் யார் பேசுகிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருட்டாகத் தெரியும். அவர் எதிர்ச்சுவருக்கு மாறி நின்றால் போதும். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் கேளாத பிள்ளைக்குப் பாடத்தில் பாதியை அழித்துவிடுகிறது. வட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் கேளாத பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாளாவது ஒரே இடத்தில் சேர்த்து, சைகை தெரிந்த கேளாத பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அவர்களோடு உட்கார வைக்கலாம். கோவையில் கேளாதோர் பள்ளியில் படித்து வெளியே வந்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பிழைப்பும் ஆகும். அப்பா, அம்மா, ஆத்தா, தாத்தா எல்லோரும் அந்த நாளில் கூட வந்து உட்கார்ந்தால், வீட்டில் பேச இருபது சைகை தெரிந்துவிடும்.

யானை விஷயம் மீதி இருக்கிறது. ஓரக்கண்ணும் இருட்டில் பார்க்காது; உறங்கும்போது மூடிவிடும். மலையடிவாரத் தோட்டத்துச் சாளையில் படுத்திருக்கும் கேளாதவருக்கு நாய் குரைப்பும் பட்டாசும் ஒலிபெருக்கி அறிவிப்பும் எட்டாது. தலையணைக்கு அடியில் அதிரும் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி, வாசலில் மின்னும் ஒரு விளக்கு, இவை இருந்தால் எட்டும். அதுவரை அந்தச் சாளைக்கு ஓடிப்போய்த் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியவர் யார் என்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுதி வைக்கலாம்.